கழகப் பற்றும் கரையோர மக்களும்

உதைபந்தாட்ட இரசிகனைப் பற்றிப் பேசப் புகும் கற்றோரிடையே இரு கருத்துக்கள் நெடுங்காலமாக நிலவி வருகின்றன. வெல்பவர் பக்கம் சேர்ந்து பெருமை கொள்ள விழையும் மனித பலவீனமே கழகப் பற்று என்பது ஒன்று. உழைக்கும் மக்களின் சிந்தனையைத் திசைதிருப்ப முதலாளித்துவம் ஊட்டிய மயக்க மருந்தே அது என்பது மற்றையது. முன்னையது உளவியலின் பெயராலும் பின்னையது சமூகவியலின் பெயராலும் கூறப்படுகின்றது. இரண்டிற்கும் பொதுவான குறைபாடு ஒன்றுண்டு. இரசிகனை அவனது ஊரிலிருந்து பிரித்தெடுத்து, தனியொருவனாக மேசைமீது கிடத்தி இவை ஆராய்கின்றன. வென்னப்புவ முதல் கற்பிட்டி வரை நீண்டு கிடக்கும் புத்தளம் மாவட்டத்துக் கரையோரத்தில் வைத்துப் பார்க்கும்போது இக்கருத்துக்கள் எத்துணை தூரம் நிற்கும் என்பது தெரியவரும்.

முதற்கருத்தினர் பெரிதும் துணைக்கழைப்பது றொபேட் சியால்டினியும் அவரது உடனாய்வாளரும் 1976இல் வெளியிட்ட ஆய்வினையாகும். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் ஏழில் அது நடத்தப்பட்டது. தமது அணி வென்ற வார இறுதியை அடுத்து வரும் திங்கட்கிழமைகளில் மாணவர் பல்கலைக்கழகச் சின்னம் பொறித்த ஆடைகளைக் கூடுதலாக அணிந்து வந்தனர். வெற்றியைப் பற்றிப் பேசும்போது "நாம்" என்ற சொல்லையும் தோல்வியைப் பற்றிப் பேசும்போது "அவர்கள்" என்ற சொல்லையும் கையாளும் போக்கும் அவர்களிடம் காணப்பட்டது. ஆய்வின் முடிவு ஐயத்திற்குரியதன்று. ஆயின் அது யாரைப் பற்றியது என்பதே வினா. நான்கு ஆண்டுகள் தங்கிப் பட்டம் பெற்று அகலும் மாணவரின் நடத்தை, பிறந்த ஊரில் வாழ்ந்து அதே ஊரில் அடக்கமாகும் மனிதனின் பற்றினை அளக்கும் கோலாக எங்ஙனம் அமையும்?

வெற்றியே பற்றின் தோற்றுவாயெனின் இங்கிலாந்தின் முதல் நான்கு பிரிவுகளிலும் ஆடும் 92 கழகங்களுள் பெரும்பாலானவற்றின் அரங்குகள் என்றோ வெறிச்சோடியிருத்தல் வேண்டும். முதற் பிரிவின் கிண்ணம் ஆண்டுக்கு ஒரு கழகத்திற்கே உரியது. ஏனைய 91இன் இரசிகரும் அடுத்த ஆண்டும் வருகின்றனர். அத்துணை தொலைவு செல்லவும் வேண்டியதில்லை. இலங்கையின் தேசிய அணி 1995இல் கொழும்பில் இந்தியாவை வென்று தெற்காசியக் கிண்ணத்தைக் கைப்பற்றியது. 2022இல் அது உலகத் தரவரிசையில் 200ஆம் இடத்திற்கும் கீழே கிடந்தது. வெற்றியை நாடுபவன் இந்நாட்டில் உதைபந்தாட்டத்தைக் கைவிட்டுக் கிரிக்கெட்டின் பக்கம் போயிருப்பான். அவ்வாறு போகாதோர் இக்கரையில் இன்றும் உளர் என்பதற்கு முதற்கருத்தினரிடம் விடையில்லை.

இரண்டாவது கருத்து சற்று ஆழமானது. அதனாலேயே கூடுதலாகத் தீங்கு விளைப்பது. கழகங்களை ஆக்கியோர் யாவர் என்பதை அது மறைத்துவிடுகிறது. மஞ்செஸ்டர் யுனைற்றெட் 1878இல் நியூட்டன் ஹீத் புகையிரதத் தொழிலாளரின் அணியாகப் பிறந்தது. ஆர்சனல், 1886இல் வூல்விச் படைக்கலத் தொழிற்சாலையின் தொழிலாளரால் அமைக்கப்பட்டது. வெஸ்ற் ஹாம், தேம்ஸ் நதிக்கரையின் கப்பல் கட்டும் தொழிலகத்தில் 1895இல் உருவானது. இவற்றைப் பின்னர் செல்வர் விலைக்கு வாங்கினர் என்பது உண்மையே. ஆனால் ஒருவன் ஆக்கிய பொருளை மற்றொருவன் கவர்ந்துகொண்டான் என்பதற்காக, ஆக்கியவனை மயக்கத்தில் கிடந்தவன் என்று கூறுவது எந்த நீதி?

வங்காளத்தின் வரலாறு இன்னும் தெளிவானது. 1911இல் மோகன் பகான் அணியினர், ஒருவரைத் தவிர ஏனையோர் வெறுங்காலுடன் ஆடி, கிழக்கு யோர்க்‌ஷயர் படையணியை வென்று ஐ.எவ்.ஏ. கேடயத்தைப் பெற்றனர். 1947இன் பிரிவினையின் பின் கிழக்கிலிருந்து அகதிகளாக வந்தோர், 1920இல் தோன்றியிருந்த ஈஸ்ற் பெங்கால் கழகத்தைத் தமது இழந்த மண்ணின் பெயராகவே பற்றிக்கொண்டனர். இப்பற்று எப்போதும் நன்மையையே விளைத்தது எனக் கூறுதல் பொய்யாகும். 1980 ஆகஸ்ட் 16ஆம் நாள் ஈடன் தோட்டத்தில் இவ்விரு கழகங்களும் மோதிய போது ஏற்பட்ட கலவரத்திலும் நெரிசலிலும் 16 இரசிகர் மாண்டனர். எனினும், 2020இல் மோகன் பகானை ஏ.ரி.கே. என்னும் வர்த்தக அணியுடன் இணைத்து, அவ்வணியின் பெயரை முன்னே ஒட்டியபோது இரசிகர் ஓயாது எதிர்த்ததும், 2023இல் அவ்வொட்டு நீக்கப்பட்டதும் மயங்கிக் கிடப்போரின் செயல்களல்ல.

இனிப் புத்தளக் கரைக்கு வருதல் வேண்டும். இக்கரை ஒரே இனத்தவரின் கரையன்று. தெற்கே கத்தோலிக்க மீனவக் கிராமங்கள். முன்னேஸ்வரத்தையும் உடப்பையும் சூழ்ந்து தமிழர். புத்தளம் நகரிலும் கற்பிட்டிக் குடாநாட்டிலும் முஸ்லிம்கள். மொழியும் மதமும் வேறுபடினும் தொழில் பலவிடத்தும் ஒன்றே. கரைவலைத் தொழிலைக் கண்டோருக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. கயிற்றின் ஒரு தலைப்பைக் கரையில் விட்டுக் கடலுட் செல்லும் தோணி வலையை அரைவட்டமாக இறக்கி, மறுதலைப்புடன் வேறோரிடத்தில் கரை சேர்கிறது. பின்னர் இரு கூட்டத்தினர் இரு கயிறுகளையும் இழுத்து, சிறிது சிறிதாக ஒருவரையொருவர் நெருங்கி, மடியைக் கரைக்குக் கொணர்கின்றனர். வலை சம்மாட்டியினுடையது, பாடு மட்டும் எல்லோருடையதும். மடி வெறுமையாக வந்தாலும் மறுநாள் அதே கயிற்றை அதே கைகள் பற்றுகின்றன. உடப்பு மக்களின் அம்பாப் பாடல்கள் இவ்விழுப்பில் பிறந்தவையே.

இத்தகைய வாழ்க்கையில் ஊறியவன் மாலையில் மைதானத்தின் ஓரத்தில் வந்து நிற்கும்போது அவனைப் "பார்வையாளன்" என்று அழைத்தல் பொருந்தாது. களத்தில் ஓடுபவன் அவனுடைய மைத்துனன், அல்லது அயலவரின் மகன், அல்லது காலையில் அவனோடு கயிறு பிடித்தவன். பந்தைத் தவறவிட்டவனை முறைசொல்லி ஏசுவதற்கு அவனுக்கு உரிமையுண்டு. சப்பாத்து வாங்கப் பணம் திரட்டியவனும், கோலுக்குக் கம்பம் நட்டவனும், தோற்றுத் திரும்பும் அணிக்குத் தேநீர் வைத்தவனும் அவனே. (அத்தேநீரை உண்மையில் வைத்தவர் பெரும்பாலும் பெண்களே, ஆயினும் மைதானத்தின் ஓரத்தில் அவர்களுக்கு இடமளிக்க இக்கரையின் ஆடவர் இன்னும் தயங்குகின்றனர். கழகம் ஊருக்குரியது எனப் பறைசாற்றுவோர் ஊரில் பாதியை வீட்டில் இருத்துவது நகைப்பிற்குரியது.) இம்மனிதன் கழகத்தைத் தெரிவு செய்தவன் அல்லன். தாய்மொழியையும் கோயிலையும் பெற்றது போலவே அதனையும் பெற்றான். காதல் என்று வெளியார் காண்பது, அவனைப் பொறுத்தவரை, உறவின் தொடர்ச்சியே.

இவ்வுறவின் வலிமையை ஊரை இழந்தோரே நன்கறிவர். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட ஏறத்தாழ 75,000 முஸ்லிம்களுள் மிகப் பலர் புத்தளம் மாவட்டத்தில் வந்து தங்கினர். வீடும் காணியும் தோணியும் போயின, ஊர்ப்பெயர் எஞ்சியது. மன்னார்த் தீவின் எருக்கலம்பிட்டியார் குடியேறிய நாகவில்லுவில் எழுந்த பாடசாலை எருக்கலம்பிட்டியின் பெயரையே தாங்கி நின்றது. இத்தகைய மக்களின் நடுவே, பழைய ஊரின் பெயரைக் கூவி அழைப்பதற்குப் பதினொரு இளைஞர் ஒரு மைதானத்தில் கிடைப்பாராயின், அதனை மயக்க மருந்து என்று கூறும் துணிவு எந்த அறிஞருக்கு வரும்?

இங்கு மூன்றாவது வகையினரும் குறுக்கிடுகின்றனர். கரையோர இளைஞர் ஐரோப்பியக் கழகங்களின் சட்டைகளை அணிந்து திரிவதைக் காட்டி, இது கலாசார அடிமைத்தனம் என்று இவர்கள் சாடுகின்றனர். இச்சாடலில் சிறிதளவு உண்மையுண்டு. தொலைக்காட்சி வழியாக வரும் விருப்பம் முதலில் வெற்றியையே நாடுகிறது. சியால்டினியின் மாணவரை இங்கேதான் காணலாம். ஆனால் வந்த பெயரை மக்கள் என்ன செய்தனர் என்பதையும் நோக்குதல் வேண்டும். கம்பளையில் கிறிஸ்டல் பலஸ் என்றொரு கழகம் உண்டு. பெயர் இலண்டனிலிருந்து வந்தது. அதற்காகத் தொண்டை கிழியக் கத்துவோர் கம்பளையிலேயே பிறந்தவர்.

திரையின் இரசிகனுக்கு ஒன்று மட்டும் கிடைப்பதில்லை: எதிர்த்து நிற்கும் ஆற்றல். 1989இல் ஹில்ஸ்பரோ அரங்கில் ஏற்பட்ட நெரிசலால் லிவர்பூல் இரசிகர் 97 பேர் உயிரிழந்தனர். மாண்டோர்மீதே பழி சுமத்திய நாளிதழை லிவர்பூல் மக்கள் பலர் பல்லாண்டு காலமாக வாங்க மறுத்து வந்தனர். 2021 ஏப்ரலில் ஐரோப்பாவின் 12 செல்வக் கழகங்கள் தமக்கெனத் தனி லீக் ஒன்றினை அறிவித்தபோது, ஆங்கிலேய இரசிகர் தத்தம் அரங்குகளின் வாயிலை மறித்து நின்றனர். மூன்று நாட்களுக்குள் ஆங்கிலக் கழகங்கள் ஆறும் பின்வாங்கின. கற்பிட்டியில் அதே கழகத்தின் சட்டையை அணிந்தவனுக்கு அந்த வாயில் இல்லை. அவன் சந்தாதாரன் மட்டுமே.

அவனை அந்நிலைக்குத் தள்ளியோர் யார் என்ற வினாவைச் சாடுவோர் எழுப்புவதில்லை. 2021இல் பெரும் ஆரவாரத்துடன் இலங்கையின் சுப்பர் லீக் தொடங்கப்பட்டது. அதில் ஆடிய பத்து அணிகளுள் வென்னப்புவவின் நியூ யங்ஸ் கழகம் ஒன்று. முன்னாள் சபாநாயகர் சேர் அல்பேட் எவ். பீரிஸின் பெயர் தாங்கிய மைதானம் அதன் தாய்வீடு. பத்தில் மூன்று அணிகள் முப்படைகளினுடையவை. அவை திறமையானவை என்பதில் ஐயமில்லை. ஆனால் அவற்றுக்கு ஊர் இல்லை. அந்த லீக்கும் ஆண்டுதோறும் தொடரவில்லை. நிர்வாகப் பூசலின் விளைவாக 2023 ஜனவரியில் ஃபிஃபா இலங்கையை இடைநிறுத்தியது. ஆகஸ்ட் மாத இறுதியிலேயே தடை நீங்கியது. பதவிக்காக வழக்காடியோர் எவரும் அம்மாதங்களில் எதனையும் இழந்ததாகத் தெரியவில்லை. கொழும்பில் கதிரைக்குச் சண்டை நடக்கையில், ஊரணியின் ஆட்டம் என்று நடக்கும் என்று அறியாத பத்து வயதுச் சிறுவன் தொலைக்காட்சியைத் திருப்பினான். அவனைக் கலாசார அடிமை என்று ஏசுவது மிக எளிது.

ஆண்டின் தொடக்கத்திலேயே மாவட்ட லீக்கின் ஆட்ட அட்டவணை வெளியிடப்பட்டு, கடல் பொய்த்தாலும் அது பொய்க்காதிருக்குமாயின், அச்சிறுவனுக்கு வேறெந்த அறிவுரையும் வேண்டியதில்லை. ஊர்க் கழகங்களின் பழைய ஆட்ட முடிவுகளும், செல்லரிக்கும் குழுப்படங்களும், வரவு செலவுக் கொப்பிகளும் இன்னும் சில வீடுகளின் அலுமாரிகளில் உள்ளன. அம்பாப் பாடல்களைத் தேடி ஒலிப்பதிவுக் கருவியுடன் உடப்பிற்குச் சென்ற நாட்டாரியல் ஆய்வாளர், மாலையில் அதே கரையில் எழும் கூச்சலைக் கேட்டதும் கருவியை நிறுத்திவிட்டு பஸ் ஏறிவிடுகின்றனர்.