குறியீடு தீர்ப்பல்ல

இலங்கையில் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதிக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் கதவு திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய ஜீப் ஒன்றை வாங்கியவர்களுள் நானும் ஒருவன்.

அதன் என்ஜின் ஒருநாள் ‘மிஸ்’ அடிக்கத் தொடங்கியது. நிறுத்தி வைத்தாலும் வண்டி நடுங்கியது. ஏற்றத்தில் இழுக்க மறுத்தது. கராஜில் ஸ்கானரை மாட்டினார்கள். ‘பி 0303’ என்று காட்டியது. நான்கு கொயில்களையும் இன்ஜெக்டர்களையும் மாற்றவேண்டும் என உடனே தீர்ப்பளித்தார்கள்.

அக்குறியீட்டின் பொருள், மூன்றாம் சிலிண்டரில் எரிதல் தவறுகிறது என்பது மட்டுமே. ஏன் தவறுகிறது என்பதை அது கூறாது. தொலைபேசியில் வந்த ஒரு துப்பை விசாரிக்காமல் செய்தியாக்கினால் எந்த ஆசிரியர் ஏற்பார்?

வேறொரு முதிய மெக்கானிக்கிடம் சென்றேன். மூன்றாவது கொயிலை முதலாவதன் இடத்தில் மாட்டி ஓடவிட்டார். பழுது கொயிலில் என்றால் குறியீடு ‘பி 0301’ ஆக மாறியிருக்கும், மாறவில்லை. அடுத்து பிளக்குகளை இடம் மாற்றினார். குறியீடும் கூடவே இடம்பெயர்ந்தது. தேய்ந்த பிளக்தான் குற்றவாளி. அதுவும் இல்லையென்றால் இன்ஜெக்டரையும், பின்னர் சிலிண்டரின் அமுக்கத்தையும் சோதித்திருப்பாராம்.

ஒன்றை மறவாதீர்கள். என்ஜின் எச்சரிக்கை விளக்கு விட்டுவிட்டு மின்னினால் தொடர்ந்து ஓட்டக்கூடாது. எரியாத பெற்றோல் புகைக்குழாய்க்குச் சென்று, விலைகூடிய கற்றலிற்றிக் கொன்வேர்ட்டரை அழித்துவிடும்.

பிழை தொழிலாளரின் அறியாமை மட்டுமன்று. கேள்வி கேட்காத நமது அவசரமும்தான். பணம் கொடுக்குமுன் கேளுங்கள்: “இந்தப் பாகம்தான் பழுதென்று எப்படிக் கண்டீர்கள்?”