கேமில இருக்கிற துவக்கும் வீட்டில இருக்கிற பிரம்பும்

எங்கயாவது ஒரு வாள்வெட்டு நடந்தா, பள்ளிக்கூடப் பெடியன் ஒருத்தன் இன்னொருத்தனுக்கு அடிச்சா, ஒரு பிள்ளை தாயை எதிர்த்துக் கதைச்சா, எங்கட பெரியாக்களிட்ட ஒரு பதில் ஆயத்தமா இருக்கு: "எல்லாம் இந்தக் கேமால வந்த வினை." பப்ஜியும் ஃப்ரீ ஃபயரும்தான் பிள்ளையளைக் கெடுத்துப்போட்டுதாம். இந்தப் பதில் பிழை எண்டு மட்டும் நான் சொல்ல வரேல்ல. இது ஒரு வசதியான பதில். அதுதான் எனக்குப் பிரச்சினை.

முதல்ல ஆய்வுகளைப் பாப்பம். ஒக்ஸ்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019 இல் பிரித்தானியாவில் 14, 15 வயதுப் பிள்ளைகள் கிட்டத்தட்ட 1000 பேரை வைத்து ஒரு ஆய்வு செய்தார்கள். எந்த கேம் வன்முறையானது என்பதைப் பிள்ளைகளிடம் கேட்கவில்லை. உத்தியோகபூர்வ வயதுத் தரப்படுத்தலை வைத்தே முடிவு செய்தார்கள். பிள்ளையின் நடத்தை பற்றிப் பெற்றோரிடம் கேட்டார்கள். வன்முறை கேம் விளையாடுவதற்கும் பிள்ளையின் மூர்க்கத்துக்கும் தொடர்பு இருப்பதாக அவர்கள் காணவில்லை.

இதுக்கு எதிர்ப்பக்கமும் இருக்கு, அதை மறைக்கத் தேவையில்லை. நீண்டகாலமாகப் பிள்ளைகளைப் பின்தொடர்ந்த பல ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்து 2018 இல் வெளிவந்த ஒரு பகுப்பாய்வு, சிறிய அளவில் ஒரு தொடர்பு இருப்பதாகச் சொன்னது. அமெரிக்க உளவியல் சங்கமும் 2020 இல், கத்துவது, தள்ளுவது போன்ற மூர்க்கமான நடத்தைகளோடு ஒரு சிறிய தொடர்பு இருக்கிறது என்று ஏற்றுக்கொண்டது. ஆனா அதே அறிக்கையில்தான், கொலை, துப்பாக்கிச்சூடு போன்ற வன்முறைகளுக்கு கேமைக் காரணமாக்குவதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்றும் சொன்னது. தோத்துப்போன கோவத்தில தம்பியைத் தள்ளிவிடுறதுக்கும் வாளோட ஒரு வீட்டுக்குள்ள புகுறதுக்கும் இடையில எவ்வளவு தூரம்! எங்கட ஊர்க்கதை அந்தத் தூரத்தை ஒரே பாய்ச்சலில தாண்டிப்போடுது.

கொஞ்சம் காலக்கணக்கும் பாப்பம். பப்ஜி 2017 இலதான் வந்தது. கைபேசிக்கு வந்தது 2018 இல. இலங்கையில பகிடிவதைக்கு எதிரான சட்டம் வந்தது 1998 இல. சட்டம் போடுற அளவுக்குக் கம்பஸ்களில வன்முறை இருந்தபடியால்தானே அந்தச் சட்டம் வந்தது? கனிஷ்ட மாணவனை முழங்காலில நிக்கவைச்ச அண்ணாமார் அதை எந்த கேமில பழகினவை? தங்களுக்கு முதல் வந்த அண்ணாமாரிட்டத்தான் பழகினவை.

வாள்வெட்டுக் கதையும் அப்பிடித்தான். ஒரு பெடியன் அப்பிடி ஒரு குழுவில சேர்ந்தா கேக்கவேண்டிய கேள்வியள் வேற. அவனுக்கு வாள் ஆர் குடுத்தது? மோட்டார்சைக்கிளுக்குப் பெற்றோல் ஆர் அடிக்கினம்? பிடிபட்டா ஆர் பிணை எடுக்கினம்? பள்ளிக்கூடத்தை விட்டு அவன் எப்ப நிண்டவன், ஏன் நிண்டவன்? இந்தக் கேள்வியளைக் கேட்டா ஊரில பெரிய ஆக்களின்ர பேர் வெளியில வரக்கூடும். கேமைச் சொன்னா ஒருத்தரின்ர பேரும் வராது. வசதி எண்டு நான் சொன்னது இதைத்தான்.

தடை செய்தால் சரி எண்டு சொல்லுற ஆக்களுக்கும் ஒரு பதில். நேபாளம் 2019 ஏப்ரலில் பப்ஜியைத் தடை செய்தது; சில நாட்களிலேயே அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது. அதே வருசம் குஜராத் மாநிலம் ராஜ்கோட்டில் பப்ஜி விளையாடினதுக்காக இளைஞர்களைப் பொலிஸ் கைது செய்தது. தென்கொரியா 16 வயதுக்குக் குறைந்தவர்கள் நள்ளிரவுக்குப் பிறகு இணைய கேம் விளையாடுவதைத் தடுக்க 2011 இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. பத்து வருசத்தால் அவர்களே அதை நீக்க முடிவெடுத்தார்கள். இந்தியா 2020 இல் பப்ஜியைத் தடை செய்ததை உதாரணமாச் சொல்லுகினம். அந்தத் தடைக்குச் சொல்லப்பட்ட காரணம் பிள்ளைகளின் நடத்தை இல்லை. சீனத் தொடர்புள்ள செயலிகள் பற்றின தேசியப் பாதுகாப்பு. அடுத்த வருசமே அது வேற பேரில திரும்பி வந்திட்டுது.

இனி வீட்டுக்குள்ள வருவம். வன்முறை கேம் விளையாடினதுக்காகப் பிள்ளைக்கு என்ன தண்டனை? அடி. போனைப் பறிச்சு நிலத்தில அடிச்சு உடைக்கிறது. "கேம் விளையாடினா மூர்க்கமா வருவாய்" எண்டு சொல்லிக்கொண்டே பிரம்பைத் தூக்கினா பிள்ளை எதைப் பழகும்? கோவம் வந்தா, பலம் இருக்கிற ஆள் கைநீட்டலாம் எண்டு பழகும். கேமில செத்த ஆள் அடுத்த ஆட்டத்தில எழும்பி வருவான் எண்டு 12 வயதுப் பிள்ளைக்கு நல்லாத் தெரியும். அப்பா அம்மாவுக்கு அடிக்கிறது விளையாட்டில்லை எண்டும் தெரியும். பாடசாலைகளில் உடல் தண்டனை கூடாது என்று கல்வி அமைச்சு 2016 இல் சுற்றறிக்கை விட்டது. "அடியாத மாடு படியாது" எண்டு இண்டைக்கும் பெற்றோர் கூட்டத்தில பெருமையாச் சொல்லுற ஆக்கள்தான், கேமால பிள்ளையளுக்கு வன்முறை வருது எண்டு கவலைப்படுகினம்.

படங்களையும் விடேலாது. 'விக்ரம்', 'ஜெயிலர்', 'லியோ' எல்லாத்தையும் குடும்பமாப் போய்ப் பார்த்தம். தலை வெட்டுற காட்சிக்கு விசிலடிச்சது ஆர்? மடியில பிள்ளையை வைச்சிருந்த அப்பாமாரும்தான்.

அதுக்காக, கேமில ஒரு பிரச்சினையும் இல்லையெண்டு நான் சொல்ல மாட்டன். இருக்கு. ஆனா பெரியாக்கள் தேடுற இடத்தில இல்லை. விடிய ரெண்டு மணி மட்டும் விளையாடிப்போட்டு வகுப்பில நித்திரை கொள்ளுறது ஒரு பிரச்சினை. டயமண்ட் வாங்க அம்மான்ர பேர்சில காசு எடுக்கிறது ஒரு பிரச்சினை. பிள்ளை காசைச் செலவழிக்கவேணும் எண்டே அந்தக் கடை கேமுக்குள்ள கட்டப்பட்டிருக்கு. மைக்கைப் போட்டா முகம் தெரியாத வளர்ந்த ஆக்கள் பேசுற தூசணமும், பொம்பிளைப் பிள்ளையின்ர குரல் கேட்டா அவை கதைக்கிற கதையளும் அதைவிடப் பெரிய பிரச்சினை. உலக சுகாதார நிறுவனம் 2019 இல் 'கேமிங் கோளாறு' என்பதை நோய்ப் பட்டியலில் ஏற்றுக்கொண்டது. அதுவும் சொல்வது கட்டுப்பாடு இழப்பதைப் பற்றி, துவக்கைப் பற்றி இல்லை. துவக்கையே பாத்துக்கொண்டிருக்கிற பெற்றோர் இந்த ஒண்டையும் காண மாட்டினம்.

இன்னொரு கேள்வி. அந்த போன் பிள்ளையின்ர கைக்கு எப்பிடி வந்தது? 2020 இல பள்ளிக்கூடங்களைப் பூட்டினபோது, சூமில படிக்கச் சொல்லி நாங்கள்தான் வாங்கிக் குடுத்தனாங்கள். பள்ளிக்கூடம் திறந்தாப் பிறகு, விடியவும் பின்னேரமும் சனி ஞாயிறும் டியூசன் எண்டு பிள்ளையின்ர நேரத்தை நிரப்பினதும் நாங்கள்தான். கிரவுண்டுக்குப் போனா "படிப்பில்லையோ" எண்டு கேட்டம். கூட்டாளியளோட சேர்ந்து சிரிக்க ஒரு பெடியனுக்கு மிஞ்சினது இரவு ஒன்பது மணிக்குப் பிறகு அந்தச் சின்னத் திரை மட்டும்தான்.

வளர்ப்பு எண்டு சொன்னவுடனை தாய்மாரின்ர தலையில எல்லாத்தையும் கட்டிவிடுறதும் நியாயமில்லை. கடையில நிண்டு வேலைசெய்து ஏழு மணிக்கு வாற அம்மாவால எல்லாத்தையும் பாக்கேலாது. அப்பாமார் எங்க? ஒரு நாள் பக்கத்தில இருந்து, "இது என்ன கேம், ஆரோட விளையாடுறாய்?" எண்டு கேக்க அரை மணித்தியாலம் காணும். வயதுத் தரப்படுத்தல் என்னெண்டு பாக்க ஒரு நிமிசம். நித்திரைக்குப் போக முதல் போனை வெளி அறையில வைக்கிறது எண்டு ஒரு விதி போடலாம். அது அப்பாவின்ர போனுக்கும் பொருந்தவேணும். கிழமையில ரெண்டு பின்னேரம் டியூசனை வெட்டிப்போட்டு கிரவுண்டுக்கு விடலாம்.

இதெல்லாம் கேமைத் திட்டுறதைவிடக் கஷ்டமான வேலை, தெரியும். ஆனா கேமை அழிச்சாப் பிறகும் வீட்டில பிரம்பு இருக்கும். அதை எப்ப அழிக்கப்போறம்?