வீட்டுக்குள் ஒரு கோரைச் செடி

ராஜபாளையத்துக்கு மேற்கே, மலையடிவாரத்தில் அய்யனார் கோவில் இருக்கிறது. அங்கே குடிகொண்டிருப்பவருக்கு "நீர் காத்த அய்யனார்" என்று பெயர். பெயருக்கு ஏற்ற இடம். மலையிலிருந்து இறங்கும் ஆறு அங்கே ஓடுகிறது. அந்த மலைநீர்தான் ஆறாவது மைல் நீர்த்தேக்கத்தில் தேங்கி, ராஜபாளையம் மக்களுக்குக் குடிநீராகிறது.

ஆற்றில் குளித்துக் கரையேறுகிறவர்களுக்கு அங்குள்ள பசுமையைப் பார்த்ததும் ஓர் ஆசை வரும். "இதில் ஒரு குத்து பிடுங்கிக்கொண்டுபோய் வீட்டில் வைத்தால் என்ன?" என்பார்கள்.

ஆசை நியாயமானதே. பிடுங்குவதுதான் நியாயம் அல்ல.

ஆற்றோரத்தில் வளரும் கோரையும் புல்லும் சும்மா நிற்கவில்லை. வேர்களால் மண்ணை இறுகப் பிடித்து, கரை அரிக்காமல் காக்கின்றன. இந்த மலைக்காடு 1988-ல் சாம்பல் நிற அணில் சரணாலயம் ஆயிற்று. 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தில் சேர்ந்தது. அங்கே அனுமதி இல்லாமல் செடியைப் பிடுங்குவது சட்டப்படி குற்றம்.

அப்படியானால் வீட்டில் கோரை வளர்க்கவே கூடாதா? தாராளமாக வளர்க்கலாம். நர்சரியில் வாங்கி வளர்க்க வேண்டும்.

குடை பிடிக்கும் கோரை

கோரை நமக்குப் புதிதல்ல. பத்தமடைப் பாய் கோரையில் பின்னுவது. வயலில் உழவரை வாட்டும் களையும், மருந்துக்கு ஆகும் கோரைக்கிழங்கும் ஒரே செடிதான். பழங்கால எகிப்தியர்கள் எழுதிய பாப்பிரஸ் தாளும் ஒருவகைக் கோரைத் தண்டில் செய்ததே.

வீட்டு அழகுக்கு ஏற்றது குடைக் கோரை. ஆப்பிரிக்காவும் மடகாஸ்கர் தீவும் இதன் தாயகம். நேரான பச்சைத் தண்டின் உச்சியில், குடைக் கம்பிகள் போல இலைகள் சுற்றிலும் விரிந்திருக்கும். கடைக்காரர்கள் "அம்பர்லா பாம்" என்பார்கள். பாம் என்றால் பனை. ஆனால் இது பனை இனம் அல்ல, கோரை இனமே.

வளர்க்கும் முறை

பெரும்பாலான தொட்டிச் செடிகள் தண்ணீர் தேங்கினால் வேர் அழுகிச் சாகும். குடைக் கோரையோ தண்ணீர் வற்றினால் வாடும். இந்த ஒரு வித்தியாசத்தை நினைவில் வைத்தால் போதும்.

தோட்ட மண்ணும் மக்கிய சாணமும் கலந்து தொட்டியில் நடுங்கள். அந்தத் தொட்டியை அகலமான ஒரு பேசினில் வையுங்கள். பேசினில் இரண்டு விரற்கடை உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றுங்கள். வேர் தனக்கு வேண்டியதை உறிஞ்சிக்கொள்ளும்.

ஜன்னல் ஓரம் நல்ல இடம். காலை வெயில் பட்டால் மிகவும் நல்லது. இலை நுனி பழுப்பானால் ஈரம் போதவில்லை, அல்லது தண்ணீரில் உப்பு அதிகம் என்று அர்த்தம். மழைநீர் கிடைத்தால் ஊற்றுங்கள். காய்ந்த தண்டை அடியோடு வெட்டிவிடுங்கள். பக்கத்தில் புதுத் தண்டு கிளம்பும்.

அண்டை வீட்டார் கேட்டால் கொடுப்பதும் சுலபம். நான்கு விரல் நீளத் தண்டோடு ஒரு குடையை வெட்டுங்கள். இலைகளைப் பாதியாக நறுக்கி, தலைகீழாகத் தண்ணீரில் மிதக்க விடுங்கள். சில வாரங்களில் வேர் விட்டுக் குருத்து வரும். பிறகு எடுத்து நடலாம்.

கொசுவுக்கு இடம் கொடாதீர்

இங்கேதான் எச்சரிக்கை வேண்டும். டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு, வீட்டில் தேங்கும் தெளிந்த நீரில்தான் முட்டையிடும். நம் ஊர் வெப்பத்தில் முட்டை கொசுவாகப் பறக்கச் சுமார் ஒரு வாரமே போதும். அழகுக்கு வைத்த செடியால் குழந்தை காய்ச்சலில் படுக்கலாமா?

ஆகவே வாரம் இரண்டு முறை பேசின் தண்ணீரை மாற்றுங்கள். மாற்றினால் மட்டும் போதாது. உட்புறத்தைத் தேங்காய் நாரால் நன்றாகத் தேயுங்கள். முட்டைகள் பாத்திரத்தின் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு, காய்ந்தாலும் பல மாதம் உயிரோடு இருக்கும். இவ்வளவு வேலை முடியாது என்பவர்கள் பேசினில் மணலை நிரப்பி, நீர் மேலே தெரியாமல் ஈரமாக வைத்திருக்கலாம். செடிக்கு ஈரம் கிடைக்கும். கொசுவுக்கு இடம் கிடைக்காது.

குடிக்கவே தண்ணீர் இல்லையே!

"குடத்தோடு குழாயடியில் காத்து நிற்கிறோம். தண்ணீரில் நிற்கும் செடி நமக்கு எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். நல்ல கேள்வி. குடிநீரை இதற்கு ஊற்றச் சொல்லவில்லை. காய்கறி அலம்பிய நீர் போதும். பேசினிலிருந்து எடுத்த பழைய நீரைச் சாக்கடையில் கொட்டாமல் கருவேப்பிலைக்கோ முருங்கைக்கோ ஊற்றினால், ஒரே நீர் இரண்டு செடிக்கு உதவும். இந்தச் செடி தண்ணீரை வீணாக்குவதில்லை. தண்ணீரைக் கணக்குப் பார்க்க வீட்டாருக்குக் கற்றுக்கொடுக்கிறது. ஊற்ற மறந்தால் சில நாளில் வாடிக் காட்டிவிடுகிறதே!

இன்னொன்று: செடி மிகுந்துவிட்டால் ஆற்றிலோ ஓடையிலோ எறியாதீர்கள். வெளியூர்ச் செடி நீர்நிலையில் வேர் பிடித்தால், அங்கே இயற்கையாக வளரும் செடிகளை நெருக்கிவிடும். வேண்டியவருக்குக் கொடுங்கள், இல்லையேல் வெட்டி உரக்குழியில் போடுங்கள்.

காட்டிலிருந்து செடியும் வரவேண்டாம். வீட்டிலிருந்து செடியும் காட்டுக்குப் போகவேண்டாம். மலைநீரை அய்யனார் காப்பார் என்று மலையேறிக் கும்பிடுகிறோம். வீட்டு நீரைக் காப்பது நம் பொறுப்பு.