கட்டில்லாக் கிணறும் கணக்கில்லாச் சாவும்

“பனையால் விழுந்தவனை மாடேறி மிதித்தது போல” என்றொரு பேச்சு எம்மிடையே உண்டு. இடம்பெயர்ந்த எமது நிலையைச் சொல்ல எத்தனையோ தடவை இதைப் பாவித்திருக்கிறோம். ஆனால் உண்மையிலேயே பனையால் விழுந்தவரைப் பற்றி எத்தனை தடவை பேசியிருக்கிறோம்? ஷெல் பட்டு இறந்தவரையும் மிதிவெடியில் கால் இழந்தவரையும் பதிவு செய்தோம். கிணற்றுக்குள் தவறியவரையும், இரவில் மலசலகூடத்துக்குப் போகும் வழியில் சறுக்கி இடுப்பெலும்பு முறிந்து படுக்கையிலேயே முடிந்துபோன ஆச்சியையும் எவரும் எழுதி வைக்கவில்லை. “அவவின்ரை காலம்” என்று சொல்லி விட்டுவிட்டோம்.

காலம் அல்ல. உலக சுகாதார ஸ்தாபனம் 2021ஆம் ஆண்டு வெளியிட்ட கணக்கின்படி, தவறி விழுவதால் ஆண்டுதோறும் உலகில் ஏறக்குறைய 684,000 பேர் இறக்கின்றனர். தற்செயற் காயங்களால் நேரும் மரணங்களில் வீதி விபத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான். வைத்தியம் தேவைப்படுமளவுக்கு விழும் சம்பவங்கள் ஆண்டுக்கு 3 கோடி 73 இலட்சம். இறப்பவர்களில் 80 சதவீதத்துக்கு மேற்பட்டோர் வறிய, நடுத்தர வருமான நாடுகளைச் சேர்ந்தவர்கள். வயதைப் பார்த்தால், 60ஐக் கடந்தவர்களே அதிகம்.

இடம்பெயர்ந்த குடும்பத்துக்கு இந்த ஆபத்து இரட்டிப்பு என்பது எமது எண்ணம். சொந்த வீட்டில் கண் மங்கினாலும் படி எத்தனை என்று காலுக்குத் தெரியும். தறப்பாள் கொட்டிலில் அது தெரியாது. கூடாரக் கயிறு எங்கே, வாய்க்கால் எங்கே என்று இருட்டில் தடவ வேண்டும். ஊர் திரும்பினாலும், பல ஆண்டுகள் ஆளில்லாக் காணியில் கட்டு இடிந்த கிணறு பற்றைக்குள் மறைந்து கிடக்கும். ஆடு தேடிப் போகும் பிள்ளைக்கு அது எப்படித் தெரியும்? கூலி போகக்கூடாதென்று மழை ஈரத்திலும் பழைய தளைநாருடன் மரமேறுபவரின் நிலையையும் நினைத்துப் பாருங்கள்.

இதில் எங்கள்மீதும் குற்றம் உண்டு. கிணற்றுத் திட்டம் ஒன்றின் மதிப்பீட்டில், கட்டுக்கான பணத்தைக் குறைத்தால் இன்னொரு கிணறு வெட்டலாமே என்று நாங்களே வாதாடியதுண்டு. பயனாளிகளின் தொகை கூடும், அறிக்கையும் அழகாயிருக்கும். “பிள்ளைகளைக் கவனமாகப் பாருங்கள்” என்று தாய்மாருக்குப் புத்தி சொல்லிவிட்டு வந்தோம். விடியற்காலை கூலிக்குப் போய்ப் பொழுதுபட வரும் தாய் எந்தக் கண்ணால் பார்ப்பாள் என்று அன்று யோசிக்கவில்லை.

புத்தி சொல்வது மட்டும் போதாது என்பதற்கு நியூயோர்க் நகரம் நல்ல உதாரணம். மாடி யன்னல்களால் விழுந்து வறிய வீட்டுப் பிள்ளைகள் பலர் இறந்ததைக் கண்டு, 1972இல் அந்நகரச் சுகாதாரத் திணைக்களம் ஒரு வேலைத்திட்டம் தொடங்கியது. “பிள்ளைகளுக்குப் பறக்கத் தெரியாது” என்று அதற்குப் பெயர். வீடுகளுக்குச் சென்று பேசியதுடன் நில்லாமல், யன்னலுக்குக் கம்பித் தடுப்பையும் இலவசமாகக் கொடுத்தார்கள். 1973க்கும் 1975க்கும் இடையில் புரொங்ஸ் பகுதியில் இப்படி விழுவது பாதியாகக் குறைந்தது. 1976இல், 10 வயது வரையான பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு வீட்டுச் சொந்தக்காரரே தடுப்புப் பூட்டவேண்டும் என்று சட்டமும் வந்தது. யன்னலுக்குக் கம்பி என்றால், எமக்குக் கிணற்றுக்குக் கட்டு. வேறுபாடு அவ்வளவுதான்.

விழுந்த பிறகு நேரும் பிழை ஒன்றையும் சொல்லவேண்டும். மரத்தால் விழுந்தவரை நாலுபேர் கையிலும் காலிலும் பிடித்துத் தூக்கி, மோட்டார் சைக்கிளில் நடுவில் இருத்திக் கொண்டு ஓடுகிறோம். நல்ல மனதோடுதான் செய்கிறோம். ஆனால் முள்ளந்தண்டு முறிந்திருந்தால், அந்தத் தூக்கலே அவரது கால்களை வாழ்நாள் முழுதும் செயலிழக்கச் செய்துவிடலாம். முதலில் அசையாமல் வைத்து அம்புலன்சை அழையுங்கள். வேறு வழியே இல்லையென்றால், தலையும் கழுத்தும் உடம்பும் ஒரே நேராக இருக்கும்படி பலர் சேர்ந்து பலகையிலோ கழற்றிய கதவிலோ கிடத்திக் கொண்டு போங்கள்.

முதியவர்களின் கதை வேறு. ஒருமுறை விழுந்தவர் பயத்தில் நடப்பதைக் குறைக்கிறார். நடக்காத காலின் தசை சோர்கிறது. பிறகு மீண்டும் விழுகிறார். அவரை மூலையில் இருத்துவது அன்பு என்று நாம் நினைக்கிறோம். பக்கத்தில் ஒருவர் நின்று நாளாந்தம் நடக்க விடுவதே நல்லது. கண்ணில் வெண்புரை இருந்தால் வைத்தியரிடம் காட்டுங்கள். பிரஷர் குளிசை, நித்திரைக் குளிசை எடுப்பவருக்குத் தலைசுற்று இருந்தால் அதையும் சொல்லுங்கள். மலசலகூடத்துப் பாதையில் பிடித்து நடக்க ஒரு கயிறோ கம்போ கட்டுவதற்கு எந்த நிறுவனத்தையும் எதிர்பார்க்கத் தேவையில்லை.

கிணறு வேறு விடயம். அதற்குச் சீமெந்து வேண்டும், காசு வேண்டும். ஆகவே கிணறு கேட்டு விண்ணப்பிக்கும் கமக்காரர் சங்கங்கள் கட்டையும் சேர்த்தே கேட்கட்டும். கட்டில்லாத மதிப்பீடு உங்களிடம் வந்தால், அது எங்கள் மேசையிலிருந்து வந்ததாக இருந்தாலும், கையொப்பம் வைக்காதீர்கள்.