எந்த ரத்தத்தில் கலப்பில்லை?

திருவிழா வந்தால் போதும், ஊர் முக்கில் ஃபிளக்ஸ் ஏறிவிடுகிறது. முறுக்கிய மீசை, பாயும் சிங்கம், நடுவில் 'ஆண்ட பரம்பரை'. கீழே சின்ன எழுத்தில் 'கலப்பில்லாத ரத்தம்'. விடுதியில் நம்மோடு ஒரே தட்டில் சாப்பிட்டவனின் ஸ்டேட்டஸிலும் அதே வாசகம் வருகிறது. சரி, கேட்டுவிடுவோம். தம்பி, எந்த ரத்தத்தில் கலப்பில்லை?

உன் அம்மாவின் கருப்பையிலிருந்தே தொடங்கலாம். சாதி காவல் காப்பதாகச் சொல்வது அதைத்தானே! கருவில் இருந்தபோது உனக்கு உணவும் காற்றும் கொடுத்தது நஞ்சுக்கொடி. அதன் மேற்படலம், எண்ணற்ற செல்கள் ஒன்றோடொன்று இணைந்து உருவாவது. அந்த இணைப்பைச் செய்யும் புரதத்தின் பெயர் சின்சைட்டின். அதன் மரபணு ஒரு வைரஸிடமிருந்து வந்தது என்பதை 2000ஆம் ஆண்டில் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். இரண்டு கோடி ஆண்டுகளுக்கும் முன்பு நம் குரங்கு மூதாதையரைத் தொற்றி, அவர்களின் வாரிசுகளிலேயே தங்கிவிட்ட வைரஸ் அது. செல்லுக்குள் நுழைய அது வைத்திருந்த சாவியை வாங்கித்தான் உடல் குழந்தை வளர்க்கக் கற்றுக்கொண்டது. மனித டி.என்.ஏ.வில் சுமார் 8 சதவீதம் இப்படி வந்த பழைய வைரஸ்களின் மிச்சம். நம் உடலின் புரதங்களுக்கான குறிப்புகள் இருக்கும் பகுதியோ 2 சதவீதத்தைக்கூடத் தொடாது. உன் பரம்பரையில் முதலில் கலந்தது மனிதனே அல்ல, வைரஸ்.

அடுத்தது இன்னும் சுவையானது. கர்ப்ப காலத்தில் குழந்தையின் செல்கள் தாயின் ரத்தத்துக்குள் கசிகின்றன. பிரசவத்தோடு அவை போய்விடுவதில்லை. ஆண் குழந்தை பெற்று 27 ஆண்டுகள் ஆன ஒரு பெண்ணின் ரத்தத்தில்கூட அந்தச் செல்கள் இருந்ததை 1996இல் கண்டார்கள். 2012இல் வெளியான ஆய்வு ஒன்றில், இறந்துபோன 59 பெண்களின் மூளைகளைச் சோதித்தபோது 37 பேரின் மூளையில் ஆண் டி.என்.ஏ. இருந்தது. பெரும்பாலும் அவர்கள் சுமந்த பிள்ளைகளிடமிருந்து வந்திருக்க வேண்டும் என்கிறார்கள். பிள்ளையின் செல்லில் பாதி தகப்பனுடையது. அப்படியானால் சாதி மறுத்து மணந்து பிள்ளை பெற்றவளைப் பிரித்து வீட்டுக்கு இழுத்து வந்து 'சுத்தம்' செய்யப் பார்ப்பவர்கள் எதைச் சுத்தம் செய்வார்கள்? அவள் காதலித்தவனின் ஒரு துளி அவள் உடம்புக்குள்ளேயே வாழ்ந்துகொண்டிருக்கலாம்.

'இதெல்லாம் எல்லா மனிதருக்கும் பொது, எங்கள் சாதிக்குள் கலப்பில்லை' என்பான் அடுத்து. அதையும் பார்த்தாகிவிட்டது. ஹைதராபாத்தின் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையமும் ஹார்வர்டும் சேர்ந்து 2013இல் வெளியிட்ட ஆய்வு சொல்வது இது: சுமார் 4200 ஆண்டுகளுக்கும் 1900 ஆண்டுகளுக்கும் இடைப்பட்ட காலத்தில் இந்தத் துணைக்கண்டத்து மக்கள் ஒருவரோடொருவர் பெரிய அளவில் கலந்தார்கள். இன்றைய சாதிகள், பழங்குடிகள் ஏறக்குறைய எல்லோரிடமும் அந்தக் கலப்பின் தடம் இருக்கிறது. அதற்குப் பிறகுதான் கதவு சாத்தப்பட்டது. சாத்திய பூட்டின் பெயர் அகமணம். பல இனங்கள் கலந்து முடிந்த பிறகே சாதி வந்தது என்று அண்ணல் அம்பேத்கர் 1936லேயே எழுதினார். சாதியின் உயிர்நாடி அகமணம் என்று 1916இல், 25 வயதில், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கட்டுரை படித்தார். அப்போது டி.என்.ஏ.வின் வடிவம்கூடத் தெரியாது.

பூட்டிய கதவுக்குள் என்ன நடந்தது? ஆந்திராவின் வைசியர்கள் நூறு தலைமுறைக்கும் மேலாகத் தங்களுக்குள்ளேயே மணந்தவர்கள். அவர்களில் பலருக்கு, அறுவை சிகிச்சையில் தசைகளைத் தளர்த்தக் கொடுக்கும் மருந்தை உடைக்கும் நொதி இருப்பதில்லை. அறுவை முடிந்த பிறகும் மூச்சு திரும்ப நேரமாகும். இது அந்த மக்களின் குற்றமல்ல, முறையின் குற்றம். 260க்கும் மேற்பட்ட தெற்காசியக் குழுக்களை ஆராய்ந்து 2017இல் வந்த ஆய்வு, 81 குழுக்களில் இத்தகைய பரம்பரை நோய்களுக்கான வாய்ப்பு அதிகம் என்று காட்டியது. ரத்தத்தைக் காப்பாற்றுகிறோம் என்றவர்கள் பேரப்பிள்ளைகளுக்கு விட்டுப்போனது இதைத்தான்.

தோழர்களே, இங்கே நாமும் ஒரு எச்சரிக்கையோடு இருக்க வேண்டும். உயிரியல் எப்போதும் நம் பக்கம் நின்றதில்லை. 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையர் ஹெர்பர்ட் ரிஸ்லி மூக்கை அளந்து சாதிக்கு உயரம் தாழ்வு சொன்னார். இன்று அதே வேலைக்கு 'எங்க ஜீனே வேற' என்று எச்சில் பரிசோதனை முடிவைக் காட்டுகிறார்கள். நாம் 'எல்லோரும் கலந்தவர்கள், ஆகவே சமம்' என்று மட்டும் வாதாடினால் அவர்களின் தராசிலேயே போய் ஏறுகிறோம். ஒருவேளை கலக்காமலே இருந்திருந்தால்? அப்போது வெட்டலாமா? சமத்துவம் ஆய்வகச் சான்றிதழ் கேட்டு நிற்கும் மனு அல்ல. அது உரிமை.

இன்னொன்று, அவனுக்கு இது தெரியாமல் இல்லை. விபத்தில் அடிபட்டு மருத்துவமனையில் கிடக்கும்போது தொங்கும் ரத்தப் பை யாருடையது என்று அவன் கேட்பதில்லை. ஏ, பி, ஓ பொருந்துகிறதா என்பதே கேள்வி. குணமாகி வீட்டுக்கு வந்ததும் மகளின் செல்போனை வாங்கிப் பார்க்கிறான். ஏனென்றால் அவன் காப்பது ரத்தத்தை அல்ல. நிலத்தை, தேர் வடத்தை, பஞ்சாயத்து நாற்காலியை, மகள் யாரோடு வாழ்வாள் என்று முடிவு செய்யும் அதிகாரத்தை. 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில், நடுரோட்டில் சங்கரை வெட்டியது அறியாமை அல்ல. அந்த அதிகாரம்.

பிறகு எதற்கு இந்த அறிவியல்? அவனுடைய சாக்கைப் பிடுங்க. 'இயற்கை', 'ரத்தம்', 'பரம்பரை' என்ற போர்வைகளை உருவினால் மிச்சம் நிற்பது வெறும் அரிவாள். அரிவாளுக்குப் பதில் சொல்ல வேண்டியது உயிரியல் அல்ல, சட்டமும் இயக்கமும். இத்தகைய குற்றங்களுக்குத் தனிச்சட்ட வரைவை சட்ட ஆணையம் 2012இல் கொடுத்தது. தடுப்பு நடவடிக்கைகளை உச்ச நீதிமன்றம் 2018இல் வரிசையாகச் சொன்னது. இன்னமும் சாதி மறுத்து மணக்கும் இணையர், சிறப்புத் திருமணச் சட்டத்தின் 30 நாள் அறிவிப்பு பலகையில் ஒட்டப்படும்போது உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறார்கள்.

அந்த 30 நாளில் அவர்களுக்குத் தங்க ஒரு அறை, கூட வர ஒரு வழக்கறிஞர், கையெழுத்துப் போட மூன்று சாட்சிகள் வேண்டும். ஸ்டேட்டஸுக்குப் பதில் ஸ்டேட்டஸ் போடுவதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் அந்தச் சாட்சியாகப் போய் நில்லுங்கள்.