படகில் வந்தவர்கள் குற்றவாளிகள் அல்லர்

2024 டிசம்பர் 19 அன்று முல்லைத்தீவுக் கடலில் ஒரு பழைய இழுவைப் படகைக் கடற்றொழிலாளர் கண்டனர். நாயாற்றுக்கு வடக்கே, முள்ளிவாய்க்கால் கரைக்கு நேரே அது நின்றது. உள்ளே மியன்மாரிலிருந்து வந்த ரோஹிங்கியர் நூறு பேருக்கு மேல். அவர்களில் பெண்களும் சிறுவர்களும் பலர். அவர்களுக்கு உணவும் தண்ணீரும் கொடுத்தவர்கள் அந்தக் கரையின் மக்கள்தான்.

அரசின் வரவேற்பு வேறுவிதமாக இருந்தது. திருகோணமலைக்குக் கொண்டுபோகப்பட்டவர்கள் பின்னர் கேப்பாப்பிலவு விமானப்படை முகாமில் அடைக்கப்பட்டார்கள். படகைச் செலுத்தியவர்கள் என்று 12 பேர் விளக்கமறியலுக்குப் போனார்கள். மனித உரிமைகள் ஆணைக்குழுவின் அதிகாரிகளைக்கூட முதலில் முகாமுக்குள் விடவில்லை. இது ஆட்கடத்தல், வந்தவர்களைத் திருப்பியனுப்புவோம் என்றது அரசு. 2025 ஜனவரியில் முல்லைத்தீவு மக்கள் அதை எதிர்த்து வீதிக்கு வந்தார்கள். மக்கள் நின்ற பக்கமே நியாயத்தின் பக்கம்.

ஆட்கடத்தல் நடந்தது உண்மையானால், கடத்தப்பட்டவர் எப்படிக் குற்றவாளி ஆவார்? தண்டனைச் சட்டக்கோவை 2006 முதல் தண்டிக்கச் சொல்வது கடத்துபவரை. 2015இல் இலங்கை ஏற்றுக்கொண்ட ஐ.நா. ஆட்கடத்தல் நெறிமுறை, பாதிக்கப்பட்டவரைத் திருப்பியனுப்பும்போது அவரது பாதுகாப்பைக் கருத்தில் கொள்ளச் சொல்கிறது. சித்திரவதைக்கு எதிரான சாசனமோ சித்திரவதை காத்திருக்கும் நாட்டுக்கு எவரையும் அனுப்பக்கூடாது என்கிறது. 1982இன் சட்டத்தால் குடியுரிமை இழந்த ரோஹிங்கியருக்கு மியன்மாரில் என்ன காத்திருக்கிறது என்பதை 2017இன் இராணுவ ஒடுக்குமுறையிலேயே உலகம் பார்த்துவிட்டது.

இடங்கொடுத்தால் இன்னும் பல படகுகள் வரும் என்று அஞ்சுவோர் உண்டு. ஆனால் தலைக்கு இவ்வளவு என்று காசு வாங்கிய முகவர் படகில் ஏறுவதில்லை. அவரைப் பிடிக்க வழிகாட்டக்கூடியது பயணம் செய்தவரின் வாக்குமூலம்தான். சாட்சியை நாடுகடத்திவிட்டு யாரை வைத்து வழக்கை நடத்துவது?

இந்த வலி நம்மவருக்கும் புதிதல்ல. 2022 நவம்பரில் கனடாக் கனவோடு புறப்பட்ட 303 இலங்கையரைத் தென்சீனக் கடலில் ஜப்பானியக் கப்பலொன்று மீட்டு வியட்நாமின் வுங் தாவ் துறைமுகத்தில் இறக்கியது. அவர்களில் பலர் தமிழர். ஒருவர் அங்கேயே இறந்தார். அதே மாதம், சுற்றுலா விசாவில் ஓமானுக்கு அனுப்பப்பட்ட பெண்கள் வீட்டு வேலைக்கு விற்கப்பட்ட செய்தி வெளிவந்தது. அங்குள்ள இலங்கைத் தூதரக அதிகாரி ஒருவரே கைதானார். கணினி வேலை என்று நம்பிப்போன இளைஞர்கள் மியன்மாரின் இணைய மோசடி முகாம்களில் சிக்கினார்கள்.

ஆகவே கரையில் இறங்குவோரை இராணுவ முகாமில் அடைப்பதை அரசு நிறுத்த வேண்டும். அவர்களின் மொழி தெரிந்தவரை வைத்து, பாதிக்கப்பட்டவர் யார் என்று ஒவ்வொருவரையும் தனித்தனியே விசாரித்து அறிந்த பின்னரே எந்த நடவடிக்கையும் எடுக்கப்பட வேண்டும். ஏமாந்து ஊர் திரும்பும் வன்னிப் பிள்ளைகளுக்கும் அதே கவனிப்பு வேண்டும். காணியை அடகுவைத்துப் போனவரின் கடனுக்குத் தவணை, உளவள ஆலோசனை, முகவருக்கு எதிராக வழக்காடச் சட்ட உதவி ஆகிய மூன்றும் பிரதேச செயலகத்திலேயே கிடைக்க வேண்டும். அடுத்த வரவுசெலவுத் திட்டத்தில் அதற்கு நிதி ஒதுக்கும்படி வடக்கின் நாடாளுமன்ற உறுப்பினர்கள் ஒன்றுசேர்ந்து கேட்கட்டும்.