சேர்ப்பது எதுவரை இன்பம்?

பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் சுமார் 18 மீட்டர் நீளமுள்ள கல்மரம் கிடக்கின்றது. காரைப் பகுதியின் வறண்ட ஓடைகளிலும், அரியலூரைச் சுற்றியுள்ள சுண்ணாம்புக்கல் நிலங்களிலும் நத்தைபோல் சுருண்ட அம்மோனைட்டுகள் கல்லாகிக் கிடைக்கின்றன. ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன்பு இந்நிலத்தில் கடல் இருந்தது என்பதற்கு அவையே சான்று. இத்தகைய மண்ணில் வாழ்வோருக்குக் கல் சேர்க்கும் ஆசை தோன்றுவதில் வியப்பில்லை.

அவ்வாசையை நாங்கள் குறை கூறவில்லை. கல், நாணயம், தபால்தலை என எதைச் சேர்த்தாலும், அது நடக்கத் தூண்டுகிறது, படிக்கத் தூண்டுகிறது, நால்வரோடு பேச வைக்கிறது. நோயிலிருந்து தேறி வருவோருக்கு இவை மூன்றும் நல்லவை. ஆனால் எந்த இடத்தில் அந்த இன்பம் நோயாகத் திரும்புகிறது என்பதைக் குடும்பத்தார் அறிந்திருக்க வேண்டும்.

பணி ஓய்வு பெற்ற ஒருவரை எண்ணிப் பார்ப்போம். தொடக்கத்தில் ஒவ்வொரு கல்லையும் கழுவி, எடுத்த ஊரையும் நாளையும் சீட்டில் எழுதி வைத்தார். பேரப்பிள்ளைகளுக்குக் காட்டி மகிழ்ந்தார். மனைவி மறைந்த பின்னர் சீட்டு எழுதுவது நின்றது. கற்கள் மூட்டைகளாக வந்தன. அவற்றுடன் பழைய செய்தித்தாள்களும் உடைந்த மின்விசிறிகளும் சேர்ந்தன. கட்டிலில் படுக்க இடமில்லை. விருந்தினரை அவர் வாசலிலேயே நிறுத்திப் பேசி அனுப்புகிறார். மூட்டையைப் பிரித்துப் பார்ப்பதுமில்லை, எவரையும் தொடவிடுவதுமில்லை.

இவரிடம் எத்தனை கற்கள் உள்ளன என்பது கேள்வியன்று. சேர்த்தவற்றை அவர் இன்னும் விரும்பிப் பார்க்கின்றாரா? வீட்டில் சமைக்கவும் உறங்கவும் நடமாடவும் இடம் இருக்கின்றதா? ஒன்றைக் கொடுத்துவிட நினைத்தாலே தாங்கொணாத் தவிப்பு உண்டாகின்றதா? அளவுகோல் இவையே என்பது எங்கள் கருத்து. கடன் வாங்கிச் சேர்ப்பதும், மருந்துச் செலவைக் குறைத்துச் சேர்ப்பதும் எச்சரிக்கை அடையாளங்களே.

இந்நிலைக்கு மருத்துவத்தில் பெயர் உண்டு. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல் வெளியிட்ட ஐந்தாம் கையேடு, பொருள் குவிப்புக் கோளாற்றைத் தனி நோயாக ஏற்றது. ஆகவே இது சோம்பலோ கஞ்சத்தனமோ பிடிவாதமோ அன்று. பிரிவுத் துயரும் தனிமையும் மனச்சோர்வும் இதனை வளர்க்கக்கூடும். முதுமையில் திடீரென இப்பழக்கம் தொடங்கினால், மறதி நோயின் அறிகுறியா என்றும் ஆராய வேண்டும்.

அவர் வெளியூர் சென்றிருக்கும்போது அனைத்தையும் அள்ளி எறிந்துவிடக் குடும்பத்தார் நினைப்பது இயல்பு. ஆயினும் அது தவறு. வீடு சில நாள் துப்புரவாக இருக்கும், நம்பிக்கை உடைந்துவிடும், குவியல் மீண்டும் வளரும். மாறாக, அவரையும் உடன் வைத்துக்கொண்டு, விழுந்து அடிபடாதவாறு நடைவழியையும், தீப்பற்றாதவாறு அடுப்பங்கரையையும் முதலில் ஒழுங்கு செய்யுங்கள். எதை விடுவது என்ற முடிவு அவருடையதாக இருக்கட்டும். நாளொன்றுக்குச் சிறிது போதும்.

சிந்தனையையும் பழக்கத்தையும் படிப்படியாக மாற்றும் பேச்சுவழிச் சிகிச்சை இதற்குப் பயன் தருகிறது. உடனிருக்கும் மனச்சோர்வுக்கு மருந்தும் தேவைப்படலாம். அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவை அணுகலாம். டெலி-மானஸ் உதவி எண் 14416-ஐ எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம்.

கற்களின் மீது அவருக்கிருந்த அன்பை அழிக்க வேண்டியதில்லை. ஒரு நாள் வாரணவாசியிலுள்ள தொல்லுயிர்ப் படிம அருங்காட்சியகத்திற்கு அழைத்துச் செல்லுங்கள். கிடைத்த இடம் அறியப்பட்ட ஒரு படிமம் பலருக்கு அறிவு தருகிறது. இடம் மறந்துபோய் மூட்டையில் கிடக்கும் நூறு படிமங்கள் எவருக்கும் எதையும் சொல்வதில்லை. இதனை அவரே கண்டுணர்ந்து, வீடு திரும்பி ஒரு மூட்டையைப் பிரித்து, ஒரே ஒரு கல்லுக்குச் சீட்டு எழுதினாலும், அதை நலத்தின் தொடக்கமாகவே நாங்கள் கருதுவோம்.